பழந்துணி தேடித் தாராவி வரை

“…பிரிச்சுத் தர முடியாதுன்னு இந்த மனுசன்கிட்டச் சொல்லு. தைச்சதைப் பிரிச்சா, அடுத்த தடவை ஊசி நம்ம கையை நம்பாது.”

மராட்டியில் சொன்னவள் ஸகூபாய். அதைத் தமிழாக்கி என் காதில் போட்டவள் இசக்கியம்மாள். இடம் தாராவி. ஸகூபாயின் மடியில், தவழும் பிள்ளை படுக்கிற அளவுக்கு ஒரு சின்னக் கோதடி கிடந்தது. கோதடி என்பது பழம்புடவைகளை அடுக்கடுக்காகப் போட்டு, மேலிருந்து கீழ்வரை நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் விரிப்பு. அந்த அடுக்குகளுக்கு நடுவே, நான் வீரவநல்லூரிலிருந்து சுமந்து வந்த பழந்துணி இருந்தது. மாதுங்காவில் என் தங்கைக்கு இடுப்புவலி கண்டிருந்தது. பிள்ளை வெளியே வரும்போது அந்தத் துணி அங்கே இருந்தாக வேண்டும்.

ஸகூபாய் அடுத்து என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கே போய் நின்ற கதையை முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

பம்பாய்க்குப் போகிறோம், கையால் நெய்தது, கையால் தைத்தது எல்லாம் எங்கே பார்க்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். யோசனை என்று உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. நான் ஜவுளி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தாமிரபரணிக் கரை ஊர்களில் விற்றுப் பிழைத்தவன். பள்ளிக்கூடத்தில் கற்றது எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும். மற்றதெல்லாம் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களிடம் கற்றது. வாங்குகிறவர் சீக்கிரம் போய்விடுவார். வாங்காதவர்தான் நின்று பேசுவார். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். யோசனைகள் வழியில் உதிரும், வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம்.

தங்கை செண்பகத்தின் வீட்டுக்காரர் மாதுங்காவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வீட்டில், அடுத்த பிள்ளைக்கு ஒரு முறை உண்டு. சொந்த வீட்டுத் துணி அதற்கு ஆகாது, புதுத்துணியும் ஆகாது. பிள்ளைகள் ஓடியாடித் திரிகிற வீடுகளாகப் பார்த்துத் தாய்மாமன் போக வேண்டும். தோள்துண்டை இரண்டு கையிலும் விரித்து ஏந்தி, ‘பிச்சை போடுங்க தாயே’ என்று கேட்க வேண்டும். அப்படி வாங்கிய பழந்துணியில்தான் பிள்ளையை முதலில் ஏந்துவார்கள். பிச்சைத் துணியில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால், இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமனே குழம்பித் திரும்பிப் போய்விடுவானாம்.

நெசவாளர் தெருவில் ஏழு வீட்டு வாசலில் ஏந்தினேன். “துணி விக்க வாரவரு துணி கேக்க வந்திருக்கீரே” என்று ஒருத்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் புடவையில் நல்ல பாதியாகப் பார்த்துக் கிழித்துப் போட்டாள். எல்லாம் அவர்கள் தறியிலேயே நெய்து, அவர்களே உடுத்தி, துவைத்துத் துவைத்துப் பழுத்த பருத்தி. கன்னத்தில் வைத்தால் வைத்ததே தெரியாது.

மாதுங்காவில் வாசலில் கால் வைக்கும் முன்பே செண்பகம் கையை நீட்டி மறித்தாள்.

“அண்ணே, மூட்டையை உள்ள கொண்டாராதிய. பிள்ளை வெளிய வந்த பொறவுதான் அந்தத் துணி உள்ள வரணும்.”

“மச்சான் என்ன சொல்லுதாரு?”

“அவுக சொல்லுததுக்கு என்ன இருக்கு? அவுகளா பெறப் போறாக?”

மூட்டையை வெளியே நடையில் ஓர் ஆணியில் மாட்டினேன். சால் என்று அங்கே சொல்லும் கட்டடம் அது. வரிசையாக அறைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் பொதுவாக ஒரு நீள நடை. செண்பகம் நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். மூட்டையில் எந்தத் துணி யார் வீட்டது, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், மூத்தது என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. கருநீலக் கட்டம் போட்டது அவளோடு ஆற்றில் நீந்திய மீனாட்சி கொடுத்தது என்றதும், எட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையோடு நடையில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். பம்பாயில் துணி பார்க்க விரும்புகிறவர்கள் முதல் நாளே கடைக்கு ஓட வேண்டாம். காலையில் மாதுங்காவில் ஏதாவது ஒரு சாலுக்கு எதிரே நின்று கொடிகளைப் பாருங்கள். எங்கள் ஊர்க் கட்டம்போட்ட சேலைக்குப் பக்கத்தில் காஞ்சிபுரத்து ஒன்பது கஜம், அதற்கடுத்துப் பாலக்காட்டுக் கரைமுண்டு, அதற்கும் அப்பால் மராட்டியப் பெண்கள் உடுத்தும் இருண்ட பச்சையில் சிவப்புக் கரை. கடையில் தொங்கும் துணி எல்லாம் தன்னைப் பற்றிப் பெருமை பேசும். கொடியில் தொங்குவதுதான் உண்மையைச் சொல்லும்: எது சாயம் விட்டது, எது வெயிலைத் தாங்கியது, எதை வீட்டுக்காரி ஆசையாக நீவிக் காயப்போட்டிருக்கிறாள். அனுமதிச் சீட்டில்லாத கண்காட்சி.

இன்னொன்று. நல்ல கைத்தறி ஒன்றை மேலே போட்டுக்கொண்டு போங்கள். என் தோளில் கிடந்தது வீரவநல்லூர்த் துண்டு. அரக்குக் கரை, நடுவில் வெள்ளை. அந்தப் பயணத்தில் துணி தெரிந்த யார் கண்ணும் முதலில் என் முகத்துக்கு வரவில்லை, துண்டுக்குத்தான் வந்தது. எனக்கு மராட்டி தெரியாது, இந்தி அரைகுறை. துண்டு எனக்காகப் பேசியது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செண்பகம் கோபித்துக்கொள்வாள். அரிசி ரேஷனில் குறைந்து, கோதுமை கூடியிருந்த நாட்கள். அவள் கோதுமையை உடைத்துச் சோறாக வடித்துப் புளிக்குழம்பு ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஊர்தான். தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பாயசத்துக்குப் போடுவதை இங்கே குழம்புக்குப் போடுகிறார்களே என்று திகைத்தேன். மூன்றாவது கரண்டியில் பழகிவிட்டது. நான்காவதை நானே கேட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை மாதுங்காச் சேலைக் கடைகளைப் பார்க்கக் கிளம்பினேன். துணிக்கும் ரேஷன் இருந்த காலம். நல்ல சரக்கு அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். விலை என்ன என்று கேட்டு நுழைகிறவருக்கு மில் துணியைக் காட்டுவார்கள். ‘இது எந்த ஊர்த் தறி?’ என்று கேட்டுப் பாருங்கள், உட்காரச் சொல்வார்கள். பிரித்துப் போட்டதும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். பின்பக்கம் நூல் முடிச்சு ஒழுங்காக இருந்தால் முன்பக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். மனிதர்களும் அப்படித்தான் என்றார் ஒரு கடைக்காரர். அவர் எனக்கு முதுகைக் காட்டி அலமாரியைத் திறந்தபோது இதைச் சொன்னார் என்பதால் நான் சிரித்துவிட்டேன்.

சந்தோஷமாகத் திரும்பி வந்தால், ஆணி மட்டும் இருந்தது. மூட்டை இல்லை.

அடுத்த அறையில் அலமேலு மாமி என்று ஒரு பாலக்காட்டு அம்மாள். அந்த சால் முழுவதுக்கும் அவர் மாமி.

“மூட்டையா? நான்தானே போட்டேன்” என்றார் மாமி. “வியாழக்கிழமைன்னா பாத்திரக்காரி வருவா, கேட்டேளா. நடையில பழந்துணி வெளியில இருந்தா அவளுக்குன்னு அர்த்தம். இந்த சால்ல எல்லாரும் எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சுக்கறது. உங்க தங்கை அசந்து தூங்கிண்டிருந்தா, எழுப்ப வேண்டாமேன்னு நானே பேரம் பேசினேன். இதோ பாருங்கோ, பித்தளைத் தூக்கு. இந்தக் காலத்துல பித்தளை யார் தரா? அவ அலுமினியச் சட்டிதான் தருவேன்னா. நான் விடலையாக்கும்.”

அது என்ன துணி என்று சொன்னேன். மாமி தூக்கை மெல்லக் கீழே வைத்தார்.

“ஈஸ்வரா” என்றார். பிறகு, “நாலு பெத்து நாலையும் வளர்த்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எட்டாவது வீடா நானே போட்டிருப்பேனே. வேணும்னா இந்த சால்லயே ஏந்துங்கோளேன்” என்றார்.

“செண்பகத்துக்குத் தெரியாமலா? அந்த மூட்டையில ஒவ்வொரு துணியும் அவளுக்கு மனப்பாடம், மாமி.”

உள்ளேயிருந்து செண்பகம் குரல் கொடுத்தாள்: “அண்ணே, மூட்டையைக் காணலியே?”

“வெயில்ல போட்டிருக்கேண்டி, நன்னா காயட்டும்” என்றார் மாமி, ஒரு நொடி தாமதிக்காமல். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, “பிள்ளைத்தாச்சிகிட்ட ஒரு பொய் சொல்லலாம், ரெண்டு பொய் ஆகாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை அவ செம்பூர்ல இருப்பா. தூக்கையும் எடுத்துண்டு போங்கோ. இதைப் பார்த்தாத்தான் எந்தத் துணின்னு அவளுக்கு ஞாபகம் வரும்” என்றார்.

குர்லா வரை மின்சார வண்டி. அங்கே கரிப்புகை விடும் வண்டிக்கு மாறினால் செம்பூர். எளிய வழி. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்ணின் சேலைக் கரையில், சின்னச் சின்னக் கோபுரங்களாக ஒரு நெசவு ஓடிற்று. இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை: வண்டியில் பெண்களின் துணியைப் பார்க்க வேண்டுமென்றால் முந்தானையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். கரை காலடியில் இருக்கிறது; கண்ணும் தாழ்ந்தே இருக்கும். நான் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணுடன் வந்த பெரியவர் என் துண்டின் நுனியைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் அந்தக் கோபுரத்தைக் காட்டி எப்படி என்று கையால் கேட்க, அவர் கையால் தறிநாடா ஓட்டிக் காட்ட, நாங்கள் மூவரும் பேச்சில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தால் மான்குர்த். உப்புக் காற்றும் சதுப்பும்தான் எதிரே.

பெரியவர் இந்தியில் சொன்னது எனக்கே புரிந்தது: “துணியைப் பார்க்கிறவனுக்கு ஸ்டேஷன் தெரியாது.”

திரும்பும் வண்டிக்கு நேரமாகும் என்றார்கள். தூக்கைக் கையில் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டி நடந்தேன். தேவ்நார்ப் பக்கம் புல்வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். செம்பூரில் என்னை இறக்கிவிட்டு, கும்பிட்டதற்குப் பதிலாகத் துண்டைக் காட்டி ‘அச்சா’ என்றார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய ஊரில் இத்தனை பேர் வழிப்போக்கனுக்கு நேரம் ஒதுக்குவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

செம்பூர் அப்போது தோட்டமும் தனி வீடுகளுமாக அமைதியான இடம். ஒரு மாமரத்தடியில் கூடை நிறையப் பாத்திரங்களோடு அவள் உட்கார்ந்திருந்தாள். குஜராத்திப் பெண், ரவிக்கையில் கண்ணாடிச் சில்லுகளை வட்டவட்டமாக வைத்துத் தைத்திருந்தாள், அசையும்போதெல்லாம் வெயில் தெறித்தது. மாதுங்கா நடைகளில் வியாபாரம் செய்து கற்ற தமிழ் அவளுக்கு இருந்தது. தமிழர் யாராக இருந்தாலும் மாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“பளசு துணி இருக்கா மாமி?” என்றாள் என்னைப் பார்த்து.

தூக்கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “குடுத்த பாத்திரம் திரும்ப எடுக்கமாட்டேன் மாமி.”

பாத்திரம் வேண்டாம், துணி வேண்டும் என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கையைத் தொட்டிலாக ஆட்டிக் காட்டினேன். பிள்ளை பிறக்கப்போகிறது என்று புரிந்ததும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“அந்தத் துணி பூ மாதிரி மாமி. தாராவி போச்சு. ஸகூபாய் வாங்கிச்சு. கோதடிக்கு.” என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாக ஒன்று சொன்னாள்: “பளசு போனாத்தான் புதுசு வரும் மாமி.”

மறுநாள் விடியும்போதே செண்பகத்துக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்தாயிற்று. மாமி தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே என்னை ‘போ, போ’ என்று விரட்டினார். செண்பகம் வலிக்கு நடுவிலும், “அண்ணே, துணி காஞ்சிட்டா?” என்று கேட்டாள். நான் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மாதுங்காவிலிருந்து தாராவி நடை தூரம்தான். தோல் பதனிடும் வாடை முதலில் மூக்கைப் பிடிக்கும். கொஞ்ச தூரம் போனதும் மூக்கு விட்டுக்கொடுத்துவிடும். அதற்குப் பயந்து திரும்புகிறவர்கள் பம்பாயின் நல்ல கைவேலையைப் பார்க்காமலே போகிறார்கள். எனக்கு வழி காட்டியது வாடையல்ல, ஒரு குரல்.

“குடத்தை நகட்டுட்டீ. உனக்கு மட்டுமா சர்க்கார் தண்ணி விடுதான்?”

குழாயடியில் கேட்ட அந்தத் திருநெல்வேலிப் பேச்சு எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது. அவள்தான் இசக்கியம்மாள், அவள் புருஷன் தோல் ஷாப்பில் வேலை. வீரவநல்லூர் என்று சொன்னதும் குடத்தை அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள்.

“அப்ப நம்ம அண்ணாச்சி. வாங்க. ஸகூபாய் வீடு எங்க சந்துக்குப் பின்னாலதான். காலைல போனா அவ பேசுவா. வெயில் ஏறிட்டா ஊசிதான் பேசும். ஆமா, துணியைத் தொலைச்சுட்டுத் தூக்கோட அலையுதியளே, பால் வாங்கவா வந்திய?”

அந்தச் சந்தில் நுழைந்தபோது, அவசரத்தையும் மறந்து ஒரு கணம் நின்றேன். மழைக்காலம் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வாசலில் கோதடி விரித்துப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அளவுகோல் இல்லை, கோடு இல்லை. கைவிரல் அகலம்தான் கணக்கு. நான் ஒரு விரிப்பைத் தாண்டப் போனேன். இசக்கியம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “தாண்டாதிய. தைக்கிற துணியைத் தாண்டினா அதுல படுக்கிறவனைத் தாண்டின மாதிரி.” நீங்களும் சுற்றிப் போங்கள். நேரம் ஆனாலும் அவர்கள் மனத்தில் இடம் கிடைக்கும்.

ஒருத்தி தன் கோதடியின் கடைசி மூலையை மூடப் போகிறவள், கையிலிருந்த சோள ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி அந்த மூலைக்குள் வைத்துத் தைத்தாள். இது என்ன என்று கேட்டேன்.

“வெளிய அனுப்புற கோதடிக்கு ஒரு வாய் ஊட்டித்தான் அனுப்புவாக” என்றாள் இசக்கியம்மாள். “பசியோட போனா, போன வீட்டுல யாரையும் தூங்க விடாதாம். வீட்டுலயே வச்சிக்கிடுததுக்கு வைக்க மாட்டாக. நம்ம வீட்டுல என்ன, அதுக்கு எப்பவும் சோறு இருக்கே.”

ஸகூபாய் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. நெற்றியில் அகலமாகக் குங்குமம், காலை நீட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் முதலில் துண்டைத்தான் பார்த்தாள். குனியச் சொல்லி, கரையைப் பிடித்துப் பார்த்து, “எந்த ஊர்?” என்று கேட்டாள். என் கண் அதற்குள் அவள் மடிக்குப் போய்விட்டது. அவள் மடியில் கிடந்த கோதடியின் ஓரத்தில், அடுக்குகளுக்கு நடுவே மீனாட்சியின் கருநீலக் கட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூலை மட்டும்தான் மூடாமல் இருந்தது.

தன் வீட்டிலேயே வளரும் மகள் வயிற்றுப் பேரனுக்காகத் தைத்தது என்றாள். அண்டை வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கைகொடுத்ததால் சீக்கிரம் முடிந்ததாம். “இந்தத் துணி ஊசியைக் கேட்டு வாங்கிக்கிடுது. இவ்வளவு மெத்துன்னு இருந்த துணியை நான் தைச்சதே இல்லை” என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இசக்கியம்மாள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். ஸகூபாய் இடையில் மறித்தாள். “அண்ணன்காரன் ஏன் பிச்சை எடுக்கணும்? புதுத்துணி வாங்கக் காசு இல்லையா?” நிற்காத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் ஊசியைக் கோதடியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள். பிச்சை எப்படி எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். துண்டை விரித்து ஏந்திக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்; அவள் சிரிக்கவில்லை.

“எத்தனை வீடு?”

“ஏழு.”

அவள் கோதடியைத் திருப்பி மேல் அடுக்கை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இசக்கியம்மாள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். “இந்தப் பச்சை, மூலைவீட்டுப் பாத்திமா பீவி குடுத்தது. சிவப்பு, குயவர் தெருப் பொண்ணு. இது இவ மருமக. இந்த ஓரத்துக் கிழிசல் என்னோடது, அண்ணாச்சி. எனக்கே மறந்துபோச்சு.” சந்தில் ஒரு பட்டாளம் பிள்ளைகள் பழைய டயரை உருட்டிக்கொண்டு கத்திப் போயிற்று. ஸகூபாய் அவர்கள் பக்கம் முகவாயை ஆட்டி, அதெல்லாம் இந்தத் துணிக்காரிகள் பெற்றதுதான் என்றாள்.

நான் பித்தளைத் தூக்கை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் புறங்கையால் என் பக்கம் நகர்த்தினாள். “பாத்திரத்துக்குத் துணி அவ வியாபாரம். எனக்குத் துணின்னா துணிதான்.”

“நடுவில் இருக்கிற என் துணியை மட்டும் பிரித்துத் தரச் சொல்லு” என்றேன். இசக்கியம்மாள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். அப்போதுதான் ஸகூபாய், ஒரு பிள்ளை உருவாகும்போது பாதியில் கலைப்பாயா என்று அவளைத் திருப்பிக் கேட்டுவிட்டு, நான் தொடக்கத்திலேயே சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னாள்: பிரித்துத் தர முடியாது, அடுத்த தடவை ஊசி நம் கையை நம்பாது.

சொல்லிவிட்டுக் கோதடியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

இசக்கியம்மாள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். “கோவமா இருக்கா போல, அண்ணாச்சி.”

ஸகூபாய் திரும்பி வந்தபோது அவள் விரல் நுனியில் ஒரு துணுக்கு சோள ரொட்டி இருந்தது. உட்கார்ந்தாள். திறந்திருந்த மூலைக்குள் அதை வைத்து, மூடி, நெருக்கமாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். (நடக்கப் பழகியதும் என் மருமகன் அந்த மூலையைக் கடித்துப் பிய்த்து ரொட்டியைத் தேடியது பின்னால் நடந்தது.) கோதடியை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, என் தோளைப் பார்த்தாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து ஏந்தினேன். ‘பிச்சை போடுங்க தாயே’ என்றேன், தமிழில்தான்.

அவள் கோதடியைத் துண்டில் போட்டாள். பிறகு அதை என் கைக்கு மாற்றிவிட்டுத் துண்டை மட்டும் உருவி எடுத்தாள். வாசலில் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் போக நீவி, நான்கு முனையிலும் கல் வைத்து, ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினாள்.